"ஐந்நூறா, இருநூற்றைம்பதா?" – ஆன்டிபயாடிக் பற்றித் தில்லித் தமிழர்கள் என்னிடம் கேட்டவை

மயூர் விஹாரில் குடியிருக்கிறேன். வேலை, ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காலையில் நான் முதலில் பார்ப்பது கண்ணாடித் தட்டில் வளர்ந்திருக்கும் கிருமிகளைத்தான். இது வெளியே தெரிந்துவிட்டதால், கோயில் பிரகாரத்திலும் லிஃப்டிலும் தமிழ்ச் சங்க நிகழ்ச்சி முடிந்து காபிக்கு நிற்கும் வரிசையிலும் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள் உண்டு. நான் மருத்துவர் அல்ல. மருந்து எழுதித் தரும் உரிமையும் எனக்கில்லை. எந்தக் கிருமியிடம் எந்த மருந்து தோற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறவள், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தீபாவளி முடிந்தால் வீட்டில் எல்லோருக்கும் இருமல். மூன்று நாள் அஸித்ரோமைசின் போட்டுக்கொள்கிறோம், சரியாகிவிடுகிறது. இதில் என்ன தவறு?

போன நவம்பரில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி, "அஸித்ரோ" என்றார். மருந்தின் முழுப் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கடைக்காரர் மருத்துவரின் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. காய்ச்சல் உண்டா, எத்தனை நாளாக இருமல் என்றும் கேட்கவில்லை. "ஐந்நூறா, இருநூற்றைம்பதா?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாத்திரை கொண்ட அட்டை கண்ணாடி மேசைமேல் வழுக்கி வந்தது. காய்கறி வண்டியில் கொத்தமல்லி வாங்குவதற்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

அந்த இருமல் எதனால் வந்தது? அக்டோபர் கடைசியிலிருந்து வாகனப் புகை, பட்டாசுப் புகை, வயல்களில் கொளுத்தும் நெல்தாளின் புகை எல்லாம் குளிரில் மேலே போக வழியில்லாமல் நம் தலைக்கு மேலேயே படுத்துக்கிடக்கின்றன. தொண்டை புண்ணாகிறது. பருவம் மாறும்போது வைரஸ்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவின் சுவரையோ, அது புரதம் தயாரிக்கும் இயந்திரத்தையோ, அதன் வேறு பாகத்தையோ குறிவைக்கும் மருந்து. புகைக்குச் சுவர் கிடையாது. வைரஸுக்குச் சொந்த இயந்திரம் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து நம்முடையதையே ஓட்டுகிறது. மருந்துக்கு அங்கே அடிக்க ஏதுமில்லை.

பிறகு எப்படிச் சரியாகிறது? சாதாரண இருமல் முழுதாக அடங்க மூன்று வாரம் வரை ஆகும். தொல்லை உச்சத்தில் இருக்கும் நான்காவது, ஐந்தாவது நாளில்தான் பொறுமை இழந்து கடைக்குப் போகிறோம். அதற்குப் பிறகு எப்படியும் இறங்குமுகம்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அஸித்ரோமைசினுக்கு மூச்சுக்குழாய் வீக்கத்தைச் சற்றுத் தணிக்கும் குணமும் உண்டு என்பதால் சிலருக்கு இதமாக இருந்திருக்கலாம். அந்த இதத்துக்காக ஆன்டிபயாடிக் செலவழிப்பது கொசு அடிக்கப் பீரங்கி வாங்குவது போல.

இன்னொன்று உண்டு. இந்த மருந்தில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகிறது. மூன்று நாள் மாத்திரை முடிந்த பிறகும் குறைந்த அளவில் அது உள்ளே தங்கியிருக்கிறது. கிருமியைக் கொல்லப் போதாது, பழக்கிவிடப் போதும். 2019-இல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகமாகச் செலவான ஆன்டிபயாடிக் வடிவம் எது தெரியுமா? இதே அஸித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான். நம்மைப் போல இருமியவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும்.

சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் வருகிறதே, அது பாக்டீரியா இல்லையா?

இல்லை. அந்த நிறம் பெரும்பாலும் நம்முடைய வெள்ளை அணுக்களுடையது. கிருமியோடு மல்லுக்கட்டிச் சாகும் அணுக்களில் உள்ள ஒரு நொதி பச்சை நிறம் கொண்டது. வைரஸ் சளியிலும் அது வரும். நிறத்தை மட்டும் பார்த்து மருந்து வாங்காதீர்கள்.

அடிக்கடி சாப்பிட்டால் "உடம்பு மருந்துக்குப் பழகிவிடும்" என்கிறார்கள். நான் எப்போதாவதுதான் சாப்பிடுகிறேன். எனக்கு என்ன கவலை?

பழகுவது உங்கள் உடம்பு அல்ல, உங்களுக்குள் இருக்கும் பாக்டீரியா. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் மேசைக்கு வந்து பாருங்கள். உள்ளங்கை அளவு தட்டு, அதில் வெளிர் வைக்கோல் நிறத்தில் உறைந்த கூழ். நோயாளியின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியாவை அதன்மேல் சீராகப் பூசி, ஒவ்வொரு மருந்தும் தோய்ந்த சிறு காகித வில்லைகளை இடைவெளிவிட்டு வைப்பேன். சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. 35 டிகிரி வெப்பத்தில் ஓரிரவு. காலையில் தட்டு முழுக்கப் புல்தரை போலக் கிருமி வளர்ந்திருக்கும். வேலை செய்யும் மருந்தைச் சுற்றி மட்டும் ஒன்றுமே முளைக்காத தெளிவான வட்டம் இருக்கும். அளவுகோலை வைத்து அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறோம். சிப்ரோஃப்ளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 26 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் மருந்து கேட்கும். 21-ம் அதற்குக் கீழும் இருந்தால் கேட்காது. இப்போதெல்லாம் எத்தனையோ தட்டுகளில் அந்த வில்லையை ஒட்டி, அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, கிருமி வளர்ந்திருக்கிறது. வட்டமே இல்லை. காகித வில்லை கம்பளத்தில் விழுந்த பொத்தான் போலக் கிடக்கும்.

இது எப்படி நடக்கிறது? நல்ல சூழலில் ஈ.கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காலை எட்டு மணிக்கு ஒன்றாக இருந்தது மாலை மூன்று மணிக்கு 20 லட்சத்தைத் தாண்டும். அத்தனை நகல்களில் சில பிழையோடு பிறக்கும். சில பிழைகள் மருந்திடமிருந்து தப்ப வழி செய்யும். நீங்கள் மருந்து சாப்பிடும்போது குடலில் வாழும் சாதுவான பாக்டீரியாக்கள் செத்து இடம் காலியாகிறது. தப்பித்தவை அந்த இடத்தில் குடியேறுகின்றன.

அதோடு நிற்பதில்லை. பாக்டீரியாக்களிடம் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. மருந்தை முறியடிக்கும் வித்தையை அதில் எழுதி வைத்து, ஊறுகாய்ச் செய்முறை எழுதிய துண்டுச் சீட்டு வீட்டுக்கு வீடு போவதுபோல, பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. எனவே நீங்கள் எப்போதாவது சாப்பிடுகிறவராக இருக்கலாம். உங்களுக்குத் தொற்றும் கிருமி, எப்போதும் சாப்பிடும் வேறொருவரிடம் பாடம் கற்றுவிட்டு வந்திருக்கலாம்.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு "சூப்பர் கிருமி" இருக்கிறதாமே?

கிருமி அல்ல; ஒரு நொதியும் அதை உண்டாக்கும் மரபணுவும். நியூடெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ், சுருக்கமாக என்டிஎம்-1. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுவீடன்காரர் ஒருவர் தில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு நாடு திரும்பினார். 2008 ஜனவரியில் அங்கே அவருடைய சிறுநீரைச் சோதித்தபோது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் இது தென்பட்டது. 2009-இல் அது பற்றிய கட்டுரை வெளிவந்தபோது பெயரும் நிலைத்துவிட்டது. இதன் வேலை, கார்பபெனெம் என்ற உயர்ரக ஊசி மருந்துகளைத் துண்டாடுவது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்றவை தோற்றபின் கையிலெடுக்கும் மருந்துகள் அவை.

அடுத்த ஆண்டு வந்த பெரிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்பதைத் தில்லித் தமிழர்களிடம் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதே கட்டுரையில் என்டிஎம்-1 உள்ள கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 என்று இருந்ததைச் சொன்னால் மீண்டும் சாய்ந்துகொள்கிறார்கள். "தில்லி என்றாலே அழுக்கு" என்று பேசும் சென்னை உறவினர்களுக்கு இந்த எண்ணிக்கையை நான் தவறாமல் சொல்வதுண்டு.

பெயர் வைத்ததில் அரசுக்குக் கோபம் வந்தது. நாட்டின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றெல்லாம் பேசினார்கள். நகரின் பெயரை நோய்க்குச் சூட்டுவது எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் அன்று பெயரைப் பற்றிச் சண்டையிட்ட வேகத்தில் பாதியைச் சாக்கடைமேல் காட்டியிருக்கலாம்.

சாக்கடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? குழாய்த் தண்ணீரிலும் இருக்கிறதா?

2011-இல் வெளியான ஓர் ஆய்வில் தில்லியின் 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51-லும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. அதாவது விஷயம் மருத்துவமனைச் சுவரைத் தாண்டி வெகுநாளாகிறது. நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி சிதையாமல் கழிவாக வெளியேறுகிறது; நம் குடல் கிருமிகளும் கூடவே போகின்றன; சுத்திகரிக்காத கழிவுநீர் இரண்டையும் சேர்த்து ஊறவைக்கிறது. மருந்து ஆலைகளின் பங்கு தனி. ஹைதராபாத் அருகே பதான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸாசின் இருந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு சொன்னது. சிகிச்சை பெறுபவரின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம்.

வீட்டுக்கு வேண்டிய பதில் சுருக்கமானது: கொதிக்கவைத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியும் அடங்கிய கிருமியும் ஒரேபோலச் சாகும்.

ஒரு வேடிக்கை. 1896-இல் எர்னஸ்ட் ஹான்கின் என்ற விஞ்ஞானி, கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி செத்துப்போவதைக் கண்டு எழுதினார். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள்தான் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்தார் நினைக்கிறார்கள். அவற்றையே மருந்தாக்கும் முயற்சி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அதற்காக இன்றைய யமுனையில் செம்பை முக்கிவிடாதீர்கள்.

கடைக்காரர் சீட்டில்லாமல் கொடுப்பது சட்டப்படி சரியா?

சரியில்லை. அட்டையில் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். மருத்துவரின் சீட்டில்லாமல் சாப்பிடாதீர்கள் என்பதற்கான அடையாளம் அது. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதைப் பற்றிப் பிரசாரமும் செய்தது. இதைவிடக் கடுமையானது மருந்து விற்பனை விதிகளில் உள்ள எச்-1 அட்டவணை. 2014 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. செஃபிக்ஸைம், லீவோஃப்ளாக்ஸாசின், மெரோபெனெம் போன்றவையும் காசநோய் மருந்துகளும் இதில் அடங்கும். இவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அஸித்ரோமைசின் இந்தப் பட்டியலில் வராது. ஆனால் அதற்கும் சீட்டு கட்டாயம்தான்.

கடைக்காரரை மட்டும் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. அவர் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம். மருத்துவரிடம் போனால் கட்டணம், அரைநாள் விடுப்பு, காத்திருப்பு. அப்படிக் காத்திருந்து உள்ளே போனவருக்கு "ஒன்றுமில்லை, வெந்நீர் குடியுங்கள்" என்றால் அந்த மருத்துவருக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவர், "எழுதாமல் அனுப்பினால் எனக்குக் கெட்ட பெயர், எழுதினால் நாட்டுக்குக் கெட்ட காலம்" என்பார். பெரும்பாலும் எழுதிவிடுவார்.

வைடல் பரிசோதனையில் டைஃபாய்டு என்று வந்தது. மருந்து சாப்பிடலாம் அல்லவா?

வைடல் 1896-இல் வந்த பரிசோதனை. கிருமியைத் தேடாது, அதற்கு எதிராக நம் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும். முன்பு எப்போதோ வந்த டைஃபாய்டும், போட்டுக்கொண்ட தடுப்பூசியும், வேறு காய்ச்சல்களும்கூட அதில் "பாசிட்டிவ்" காட்டலாம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை தில்லியில் டெங்கு, சிக்குன்குனியா காலம். அந்த மாதங்களில் ஒரே ஒரு வைடல் அறிக்கையை வைத்துக்கொண்டு ஆன்டிபயாடிக் தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியான வழி ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. முதல் வாரத்தில், முதல் மாத்திரை உள்ளே போவதற்கு முன் எடுக்க வேண்டும்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் டைஃபாய்டு என்றால் சிப்ரோஃப்ளாக்ஸாசின். இன்று இந்தியாவில் பரவும் டைஃபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு அடங்குவதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இல் பரவத் தொடங்கிய வகை செஃப்ட்ரியாக்ஸோன் ஊசிக்கும் அடங்கவில்லை. அங்கே வாய்வழியாகக் கொடுக்க மிஞ்சிய மருந்து எது? அஸித்ரோமைசின். மேலே நெல்தாள் புகைக்கு விழுங்கினோமே, அதே மாத்திரை. என்னைக் கேட்டால் தில்லி வீடுகளில் இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும், மற்றதையெல்லாம் மறந்துவிடலாம்.

உறுதியான டைஃபாய்டுக்குச் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க நான்கு முதல் ஆறு நாள் ஆகலாம். மூன்றாம் நாள் பதறி மருந்தை மாற்றச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள்.

கோர்ஸை முழுக்க முடித்தே ஆக வேண்டுமா? குணமானதும் நிறுத்தினால் என்ன?

இங்கே பழைய பாடத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. "நடுவில் நிறுத்தினால் கிருமி எதிர்ப்புப் பெறும், அதனால் நீளமாகச் சாப்பிடு" என்று படித்தோம். இப்போதைய ஆய்வுகள் பல தொற்றுகளுக்குக் குறுகிய சிகிச்சையே போதும் என்று காட்டுகின்றன. சாதாரண நிமோனியாவுக்குப் பெரும்பாலும் ஐந்து நாள். பெண்களுக்கு வரும் எளிய சிறுநீர்த் தொற்றுக்கு ஐந்து நாள் நைட்ரோஃபுரான்டாயின், அல்லது ஒரே வேளை ஃபாஸ்ஃபோமைசின். தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடலின் நல்ல கிருமிகளைக் கொல்கிற நாள்தான்.

ஆனால் எத்தனை நாள் என்பதை நீங்களாக முடிவு செய்யக்கூடாது. "எத்தனை நாள் போதும்?" என்று மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். காசநோய்க்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம், ஒரு வேளை தவறாமல். இருமல் நின்றதும் இரண்டாம் மாதத்தில் பலர் நிறுத்தியதும் மருந்துக்கு அடங்காத காசநோய் வளர ஒரு காரணம்.

1945 நோபல் உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கணவரைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலிக்குத் தானாகப் பெனிசிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறார், கிருமி பாடம் கற்றுக்கொள்கிறது, மனைவிக்குத் தொற்றுகிறது, மனைவிக்கு மருந்து கேட்காமல் இறந்துபோகிறார். மருந்துக் கடை வாசலில் நிற்கும் கணவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனைவி ஞாபகம் வரும்.

கல்ச்சருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். எப்படிக் கொடுப்பது, அறிக்கையை எப்படிப் படிப்பது?

சிறுநீர் என்றால்: கழுவிச் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதைவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஆய்வகம் கொடுத்த மூடியுள்ள குப்பியில்தான்; தேன் பாட்டிலைக் கழுவி எடுத்துவருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வந்துசேர வேண்டும், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மே மாதத் தில்லி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் மதியம்வரை கிடந்த மாதிரியில் வளர்வது உங்கள் நோய் அல்ல, உங்கள் ஸ்கூட்டரின் புகழ். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வேளை மருந்துக்கு முன்பே கொடுங்கள்.

அறிக்கையில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ், ஆர் என்று இருக்கும். எஸ் என்றால் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. எஸ் உள்ளவற்றில் மிக வலுவானதைக் கேட்டு வாங்குவதல்ல புத்திசாலித்தனம். எளியதும் குறிவைத்து அடிப்பதுமான ஒன்றே போதும்.

இன்னொரு தவறு வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் நடக்கிறது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, "பொதுப் பரிசோதனை"யில் பாட்டியின் சிறுநீரில் ஒரு லட்சம் கிருமி என்று வந்துவிட்டது, உடனே மருந்து. வயதானவர்களுக்குத் தொல்லையின்றிச் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது சகஜம். கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அதை அப்படியே விட்டுவிடுவதுதான் முறை. என் அத்தைக்கு இப்படி மூன்று முறை மருந்து கொடுத்தார்கள். நான்காம் முறை உண்மையிலேயே தொற்று வந்தது. அவருடைய தட்டை நான்தான் படித்தேன். மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய எதற்கும் வட்டமில்லை. பத்து நாள் படுக்கையில் இருந்து ஊசி போட்டுக்கொண்டார்.

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். "கொலிஸ்டின்" தொடங்கியிருக்கிறோம் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து அது. வேறு மருந்துகள் தோற்றதால் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்கள். நிலைமை கடுமை என்பது உண்மை. ஆனால் மீண்டு வந்தவர்களும் நிறைய உண்டு.

சண்டை போடாமல் கேட்கக்கூடியவை சில: கல்ச்சர் அனுப்பினீர்களா, முடிவு எப்போது வரும்? முடிவு வந்தபின் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியுமா? சிறுநீர்க்குழாய் இன்றும் தேவைதானா? சிறுநீரகச் சோதனை எப்படி இருக்கிறது? நீங்கள் செய்ய வேண்டியது, அப்பாவைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுவது. பக்கத்துப் படுக்கைக்காரரின் காலைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு அதே கையோடு அப்பாவுக்கு விபூதி வைக்காதீர்கள்.

உலக அளவில் 2019-இல் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் நேரடிக் காரணமாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். நம் அப்பாவோ அத்தையோ அந்தப் படுக்கையில் இருக்கும்போதுதான் இந்த எண் நமக்கு உறைக்கிறது.

கோழிக்கறியிலும் ஆன்டிபயாடிக் இருக்கிறதாமே?

எங்கள் வீட்டிலிருந்து காஜிப்பூர் கோழிச் சந்தை அதிக தூரமில்லை. காற்று திரும்பினால் தெரிந்துவிடும். 2014-இல் தில்லியைச் சேர்ந்த சி.எஸ்.இ. (அறிவியல், சுற்றுச்சூழல் மையம்) அமைப்பு தலைநகர் வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது. நோய்க்காக மட்டுமல்ல, சீக்கிரம் எடை கூடவும் தீவனத்தில் கலந்தார்கள். கொலிஸ்டினைக்கூடக் கலந்தார்கள். உணவுக்கு வளர்க்கும் உயிரினங்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது.

நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி பிழைக்காது. ஆபத்து அடுப்பில் இல்லை, அரிவாள்மணையில் இருக்கிறது. கறி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள்.

நிலவேம்புக் கஷாயம், சுக்கு, மிளகு ரசம் போதுமா? குழந்தைக்கு எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

சாதாரணச் சளிக்கு மிளகு ரசத்தைவிட நல்ல மருந்தை நான் ஆய்வகத்தில் பார்த்ததில்லை. கிருமியைக் கொல்கிறதா என்று கேட்டால் இல்லை. இதமாக இருக்கிறது, காத்திருக்கத் துணை செய்கிறது. அதுதான் வேண்டியதும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் ஒரு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

கஷாயத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. குழந்தை அழாமல் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 முதல் 11 மாதம் வரையுள்ள குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்கினாலோ, குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் துவண்டாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே கிளம்ப வேண்டியதுதான். அங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தால் தயங்காதீர்கள். நான் எதிர்ப்பது மருந்தை அல்ல.

புதிய மருந்து கண்டுபிடிக்க மாட்டார்களா?

கண்டுபிடிக்கிறார்கள், மெதுவாக. சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் நிறுவனம் கண்டறிந்த என்மெட்டாசோபாக்டம், செஃபபைம் என்ற மருந்தோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. நமக்குப் பெருமைதான், ஆனால் அதுவும் என்டிஎம் உள்ள கிருமியிடம் செல்லாது. ஆன்டிபயாடிக் வியாபாரத்தின் கணக்கும் விசித்திரமானது. சர்க்கரை நோய் மாத்திரையை ஆயுள் முழுக்க விற்கலாம். இதை ஐந்து நாள்தான் விற்க முடியும். அதிலும் புதியதை அவசரத்துக்கென்று பூட்டி வைக்கச் சொல்கிறோம். பிளாசோமைசின் என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது.

ஊருக்குப் போகிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. வழியில் வயிறு கெட்டால் என்று ஒரு அட்டை மருந்து எடுத்துப்போகலாமா?

இதைக் கேட்டது மாடி வீட்டு மாமி. பையையே கொண்டுவந்து காட்டினார். பாராசிட்டமால், தைலம், திருநீற்றுப் பொட்டலம், நடுவில் இரண்டு மாத்திரை மட்டும் மிஞ்சிய ஒரு நார்ஃப்ளாக்ஸாசின்-டினிடசோல் அட்டை. போன பயணத்தின் மிச்சம். காலாவதித் தேதி கிழித்த பக்கத்தோடு போயிருந்தது.

வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் வேண்டியது தண்ணீரும் உப்பும் சர்க்கரையும்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். உறையில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவக் கூடாது. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீரே வராத நிலை என்றால் ரயில் பரிசோதகரிடம் சொல்லி அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவரை வரச்செய்யலாம்.

"அப்படியானால் இந்த இரண்டு மாத்திரையை என்ன செய்வது?" என்றார் மாமி. சாக்கடையில் போட வேண்டாம் என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் மருத்துவமனையில் மருந்துக் கழிவுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. பையில் காலியான இடத்தில் மாமி ஒரு சிறிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைச் செருகி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டுமுறை திருகிப் பார்த்தார்.